ஆற்றோர வரிசையின் அஞ்சடி

மலேசியாவின் சிகாமட் ஊரில் ஆற்றுத் தெருவோரம் இருக்கும் பழைய கடைவரிசையின் அஞ்சடியை ஒருவர் ஒருமுறைகூடக் கால் இடறாமல் நடந்து கடந்தால், அவர் அந்த வரிசைக்காரர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் கடைக்காரர்கள் அவரவர் பயத்துக்கும் வசதிக்கும் ஏற்றபடி வாசலை உயர்த்திக் கட்டிக்கொண்டார்கள். மாடியின் நிழலில் கடைகளை ஒட்டி ஓடும் அந்த நடைபாதை துணிக்கடை முன்னால் கணுக்கால் உயரம், பாத்திரக்கடை முன்னால் முழங்கால் உயரம், கோப்பிக்கடை முன்னால் மறுபடியும் பள்ளம் என்று தாறுமாறாகக் கிடந்தது. எல்லாவற்றிலும் உயரம் கோ தவுக்கேயின், அதாவது கோ முதலாளியின், நகைக்கடை வாசல். கண்ணாடி மாதிரி மின்னும் கருங்கல் பதித்து, தெருவையே குனிந்து பார்ப்பதுபோல் நின்றது.

அந்த வரிசை முழுவதையும் சமப்படுத்தித் தரும் வேலை ரொகாயாவுக்குக் கிடைத்தது.

ரொகாயா நாற்பதைத் தாண்டியவள். அண்ணனிடம் சிமெண்டு கலக்கும் ஆளாகச் சேர்ந்தவள், அவன் தொழிலை விட்டுவிட்டு ஜோகூர் பாருவுக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போனபோது லோரியையும் கலவை இயந்திரத்தையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். ஊரில் எல்லோருக்கும் அவள் கக் ரொகாயா, ரொகாயா அக்கா. ஆனாலும் அதுவரை அவள் செய்ததெல்லாம் ஆள் கண்ணில் படாத வேலைகள்தான்: கொல்லைப்புறச் சமையலறை, கோழிப்பண்ணைத் தரை, ஊர்ச் சந்தையான பாசாரில் மீன் கழுவும் இடம். பெரிய தெருவில் அவளை நம்பி யாரும் ஒரு செங்கல்லைக்கூடக் கொடுத்ததில்லை.

வரிசையின் நடுவில் பூட்டிக் கிடந்த கடையில் சிறுநீரக நோயாளிகளுக்கான ரத்தச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று வரப்போவதாகச் செய்தி வந்ததும்தான் கடைக்காரர்களுக்குத் தங்கள் அஞ்சடியின் லட்சணம் கண்ணில் பட்டது. வாரத்தில் மூன்று நாள் நோயாளிகள் வருவார்கள். பாதிப் பேர் சக்கர நாற்காலியில் வருவார்கள். கூட வருகிறவர்கள் மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். காத்திருப்பவர்கள் கோப்பி குடிப்பார்கள், துணி பார்ப்பார்கள், பாத்திரம் வாங்குவார்கள். வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவர் கோ தவுக்கே. எல்லோரிடமும் பணம் வசூலித்தவர் அவர், ஆளைத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான்.

"கம்மியா கேட்டது நீதான், ரொகாயா. ஆனா அதுக்காகக் குடுக்கல," என்றார். "பாசார்ல மீன் கடைப் பக்கம் நீ போட்ட தரைய பாத்தேன். ஒரு சொட்டுத் தண்ணி நிக்கல. அந்த மாதிரி வேணும்."

"போட்டுடலாம் தவுக்கே."

"எல்லாத்தையும் ஒடை. யார் கத்தினாலும் நான் பாத்துக்கறேன். என் கருங்கல்ல மட்டும் தொட்டுடாதே."

அன்று வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது பள்ளிப் பேருந்து ஓட்டும் அவள் கணவன் ஷுக்ரி எழுந்து நின்று, "தவுக்கே உக்காருங்க," என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். அவளும் சிரித்துக்கொண்டே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.

வேலை நடந்த நாட்களில் அவளுக்குப் பேச்சுத்துணை சூய் யேன். வரிசையின் தாழ்வான முனையில், பெரிய குடைக்கு அடியில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து லாட்டரிச் சீட்டு விற்பவள். சின்ன வயதில் போலியோ வந்து கால்கள் சூம்பிவிட்டன. தோளும் கையும் மட்டும் படகு வலிப்பவனுடையதைப்போல் உருண்டு திரண்டிருக்கும். வாய் அதைவிட வலுவானது. வயதில் மூத்தவள் என்பதால் ரொகாயா அவளை ஆன்ட்டி என்பாள். அவளோ ஊர் வழக்கப்படி ரொகாயாவைக் கக் என்பாள்.

"கக், ஒரு சீட்டு எடுத்துக்கோ. நாளைக்கே சிமெண்டு ஆலைய வாங்கிடலாம்."

"எனக்கு ஹராம்னு தெரியாதா ஆன்ட்டி?"

"தெரியும்லா. நீ வாங்கமாட்டேன்னு தெரிஞ்சுதான் நல்ல நம்பரா காட்டறேன்."

ரொகாயாவுக்கு வலதுகை ஜாவாக்காரர் வார்டி. ஜாவா வழக்கப்படி அவரை மாஸ், அண்ணன், என்று கூப்பிடுவாள். கொத்தனார் வேலையில் ஊறியவர், அதிகம் பேசாதவர். இருவரும் கூலியாட்களோடு சேர்ந்து படிகளை உடைத்தார்கள், பள்ளங்களை நிரப்பினார்கள். ஒரு கடை முன்னாலிருந்து அடுத்த கடைக்குப் போவது தெரியாதபடி தரையை மெல்ல ஏற்றி மெல்ல இறக்கினார்கள். மழைத்தண்ணீர் நிற்காமல் கால்வாய்க்கு ஓட வேண்டும் என்று வார்டி தரை முழுவதையும் தெருப்பக்கமாக நன்றாகச் சாய்த்துப் போட்டார். கோ தவுக்கேயின் கருங்கல் மட்டும் தன் உயரத்திலேயே நின்றது. அதை எட்டுவதற்கு, பக்கத்துக் கடையின் தூணுக்கும் கருங்கல்லுக்கும் நடுவில் கிடைத்த கொஞ்ச இடத்தில் ஒரு சாய்தளத்தைப் பிடித்து நிறுத்தினார்கள். நகராட்சியிலிருந்து பொறியாளர் வந்தார், வரைபடத்தோடு ஒப்பிட்டு அளந்து பார்த்தார், எல்லாம் விதிக்குள் இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டார்.

கோ தவுக்கே கோப்பிக்கடையிலிருந்து எல்லோருக்கும் குளிர்பானம் வரவழைத்தார். ரொகாயா அஞ்சடியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் பார்த்தாள். படி ஒன்றுகூட இல்லை. சாம்பல் நிறத்தில் சீராக நீண்டு கிடந்தது.

"கூட்டத்த வெலக்குங்க. நான் போய்ப் பாக்கறேன்," என்ற குரல் முனையிலிருந்து கேட்டது.

சூய் யேன் குடையை மடக்கி வைத்துவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஏறினாள். இத்தனை வருடத்தில் அவள் அந்த அஞ்சடிமேல் வருவது அதுதான் முதல் தடவை. கோப்பிக்கடைக்காரர் கை தட்டினார். துணிக்கடைக்காரி, "வா வா, இப்பவாவது வந்து என் கடையில துணி பாரு," என்று கூவினாள். சூய் யேன் ராணி மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டே போனாள்.

பாதி வரிசை தாண்டுவதற்குள் அவள் பேச்சு நின்றுவிட்டது. நாற்காலி நேராகப் போகவில்லை. தெருப்பக்கச் சரிவு அதைக் கால்வாய்ப் பக்கமாகவே இழுத்தது. ஒரு கையால் தள்ளினாள், மறுகையால் சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து நிறுத்தினாள். நகைக்கடைச் சாய்தளத்தின் நடுவில் மூச்சு வாங்க ஒரு நொடி நின்றாள். நாற்காலி பின்னால் உருண்டது. வார்டி ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டார். அவரை விலக்கிவிட்டுப் பல்லைக் கடித்து மேலே போனாள். மேலே கண்ணாடிக் கதவு வெளிப்பக்கம் திறப்பது. ஒரு கை கைப்பிடியில், ஒரு கை சக்கரத்தில். கதவை இழுத்தால் நாற்காலி நழுவியது, நாற்காலியைப் பிடித்தால் கதவு மூடிக்கொண்டது.

கடைசியில் கைப்பிடியை விட்டுவிட்டுத் திரும்பினாள். நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது.

"நல்லா இருக்கு கக்," என்றாள். "பாக்கறதுக்கு."

ரொகாயாவுக்குச் சுருக்கென்றது. "என்ன கொறை ஆன்ட்டி? எஞ்சினியரே சரின்னு சொல்லிட்டாரு."

"அவரு நடந்துதானே வந்தாரு?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ரொகாயாவின் முகம் சிவந்தது. "ஒங்களுக்கு இந்த எடம் பழக்கமில்ல. ரெண்டு நாள் போனா சரியாயிடும்."

"பழக்கமா? இந்த வண்டிய நான் பொழுதன்னைக்கும் ஓட்டறேன். நீ ஒரு தடவ ஓட்டிப் பாரு." சூய் யேன் கோப்பிக்கடைக்காரரைக் கூப்பிட்டாள். "அந்த ஸ்டூல இங்க போடுங்க. என்னைத் தூக்கி ஒக்கார வைங்க. கக் வண்டி ஓட்டப் போறாங்க."

பின்வாங்கினால் ஊர் சிரிக்கும். ரொகாயா உட்கார்ந்தாள்.

சிமெண்டு மூட்டை தூக்கிய கைகள்தானே என்று நினைத்தவளுக்கு, இரண்டு கடை தாண்டும்போதே தோள்பட்டை எரிந்தது. தான் நேராகப் போவதாக நினைத்தாள். பார்த்தால் முன்சக்கரம் கால்வாய் விளிம்பை மோந்துகொண்டிருந்தது. திருப்பப் போய் விரல் முட்டிகளைத் தூணில் உரசிக்கொண்டாள். சாய்தளத்தில் பாதிக்குமேல் போக முடியவில்லை. நிற்கவும் முடியவில்லை. பின்னால் வெறும் காற்றுத்தான். "மாஸ் வார்டி, புடிங்க!" என்று கத்திவிட்டாள்.

இறங்கியபின் அவள் யாரையும் பார்க்கவில்லை. நாற்காலியைச் சூய் யேனிடம் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினாள்.

"நீங்க சொன்னது சரிதான் ஆன்ட்டி."

சூய் யேன் இன்னொரு குத்தலுக்கு வாயைத் திறந்தவள், ரத்தம் கசிந்த ரொகாயாவின் விரல்களைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

வீட்டில் ஷுக்ரி கேட்டான், "வேலைய ஒப்படைச்சாச்சு. தவுக்கே ஒத்துக்கிட்டாரு, நகராட்சி ஒத்துக்கிச்சு. யாரு திரும்பச் செய்யச் சொல்றா?"

"யாரும் சொல்லல."

"அப்புறம்?"

"நாளைக்கு ஒருத்தர் ரத்தம் சுத்தம் பண்ணிக்கிட்டுத் தெம்பில்லாம வெளிய வருவாரு. அவரோட நாற்காலி கால்வாய்க்குள்ள போச்சுன்னா, அந்தத் தரைய யார் போட்டதுன்னு கேப்பாங்கல்ல? கேக்காட்டியும் எனக்குத் தெரியும்ல?"

ஷுக்ரி எழுந்து உள்ளே போனான். காயத்துக்கு மருந்து எடுத்து வந்தான்.

காலையில் வார்டியிடம் சொல்வதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. தண்ணீர் நிற்காத தரை அவருடைய பெருமை. அவர் குந்தி உட்கார்ந்து, தான் போட்ட தரையை உள்ளங்கையால் வெகுநேரம் தடவிப் பார்த்தார்.

"சாய்வ கொறைச்சா மழத்தண்ணி நிக்கும் பாஸ்."

"நிக்காம ஒரு வழி சொல்லுங்க."

"தூணுங்கள ஒட்டி ஒரு ஒடுக்கமான வாய்க்கா வெட்டி, மேல கம்பிச் சல்லடை போட்டா தண்ணி அங்க எறங்கிடும். தரை மட்டமாவே இருக்கலாம்." கொஞ்சம் யோசித்தார். "ஆனா அந்தக் கருங்கல் அங்க இருக்கற வரைக்கும் சாய்தளத்த ஒண்ணும் செய்ய முடியாது. நீட்டவும் எடமில்ல, நடுவுல மட்டமா ஒரு எடம் விடவும் வழியில்ல."

ரொகாயா கடைக்குள் போனபோது கோ தவுக்கே தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடிப்பதற்குள் குறுக்கிட்டார்.

"சனிக்கிழமை அஞ்சடி தெறப்பு விழா. சிங்க ஆட்டத்துக்குச் சொல்லியாச்சு. இப்ப வந்து ஒடைக்கணும்ங்கறியா?"

"என் செலவுல ஒடைச்சு என் செலவுல போடறேன். ஒங்க கல்லு மட்டும் கீழ எறங்கணும். கடைக்குள்ள ஒங்க தரை ஒசரமாவே இருக்கட்டும். கதவ ரெண்டு முழம் உள்ள தள்ளி, அங்க சின்னதா ஒரு சரிவு குடுத்துடலாம். வெள்ளம் வந்தா தடுக்கறதுக்குப் பலகை மாட்டிக்கலாம்."

"முடியாது. அந்த வாசல்லதான் என் கடைக்கு அதிர்ஷ்டமே. அதுவும் இல்லாம, சக்கர நாற்காலியில எவன் நகை வாங்க வரான்?"

"நான் வாங்கறேன்."

தெருவிலிருந்துதான் குரல் வந்தது. சூய் யேன் வெயிலில், கருங்கல் வாசலுக்குக் கீழே நாற்காலியை நிறுத்தியிருந்தாள். கோ தவுக்கே வாசலுக்கு வந்தார்.

"ஒனக்கு நான் என்னிக்கு இல்லைன்னேன் சூய் யேன்? ஒவ்வொரு சீனப் பெருநாளுக்கும் நகைத் தட்ட எடுத்துக்கிட்டு நானே எறங்கி வரேன். மழை பெஞ்சா கொடை புடிச்சுக்கிட்டு வரேன். இல்லையா?"

"வரீங்க. ஒங்க நல்ல மனச யாரும் கொறை சொல்லல." அவள் குரலில் வழக்கமான எக்களிப்பு இல்லை. "ஆனா தவுக்கே, இத்தன வருஷமா நான் தங்கம் வாங்கறது நடுத்தெருவுல. மீன் வாங்கற மாதிரி. நான் எத கையில எடுக்கறேன், எத வெல கேட்டுட்டுத் திரும்ப வெக்கறேன்னு போற வர மோட்டார்காரன் வரைக்கும் பாக்கறான். நீங்க கொண்டு வர தட்டுல என்ன இருக்கோ அதுல ஒண்ணுதான் எனக்கு. உள்ள சுவத்துல என்ன தொங்குதுன்னு எனக்குத் தெரியவே தெரியாது. மத்த பொம்பளைங்க மாதிரி கண்ணாடி முன்னாடி கழுத்துல வெச்சுப் பாத்து, புடிக்கலைன்னு சொல்லிட்டு வரணும்னு எனக்கும் ஆசை இருக்காதா?"

கோ தவுக்கே தராசு துடைத்த துணியைக் கையில் சுருட்டினார். தன் தயாளத்தைப் பற்றி அவருக்குள் ஒரு திருப்தி இருந்தது. அதை அவர் இப்போது கீழே இருப்பவளின் இடத்திலிருந்து பார்த்திருக்க வேண்டும். ஒருதரம் உள்சுவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கருங்கல்லைப் பார்த்தார்.

"சிங்கத்த அடுத்த சனிக்கிழமைக்கு மாத்திடறேன்," என்றார் கடைசியில். "ஆனா கல்ல ஒடைக்கறப்ப நான் இங்க இருக்கமாட்டேன். லாபிஸ்ல தங்கச்சி வீட்டுக்குப் போயிடறேன். அந்தச் சத்தத்த என்னால கேக்க முடியாது."

சொன்னபடியே போனார். ஆனால் நடுப்பகலுக்கு முன்பே திரும்பி வந்துவிட்டார். புழுதிக்கு நடுவில் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, "அங்க இன்னும் கொஞ்சம் எடுக்கணும் போல இருக்கே," என்று வார்டிக்கே யோசனை சொல்ல ஆரம்பித்தார். "தவுக்கே, நீங்க லாபிஸ்லயே இருந்திருக்கலாம்," என்றார் வார்டி. அவர் அந்த வருடத்தில் பேசிய மிக நீளமான வேடிக்கை அதுதான் என்று ரொகாயா பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள்.

இந்தத் தடவை அவள் பூசும்போதே சோதித்தாள். ஒவ்வொரு துண்டும் இறுகியதும் சூய் யேனைக் கூப்பிட்டாள். "கையை விடுங்க ஆன்ட்டி, வண்டி எந்தப் பக்கம் போகுது பாப்போம்," என்பாள். "போகலலா, நிக்குது," என்று பதில் வரும்வரை விடமாட்டாள். சாய்தளம் இப்போது நீளமாகவும் தணிவாகவும் வந்தது. நடுவில் மூச்சு வாங்க ஒரு சமதளம், கதவுக்கு முன்னால் நாற்காலி வட்டமடிக்கும் அளவுக்கு இன்னொரு சமதளம். பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளக் குழாய்க் கம்பி. கம்பி எந்த உயரத்தில் வர வேண்டும் என்பதில் மட்டும் இருவருக்கும் பெரிய சண்டை. சூய் யேன் ஜெயித்தாள்.

வேலை முடிந்த அன்று மாலை ஒரு பெருமழை கொட்டியது. வார்டி குடைகூட இல்லாமல் அஞ்சடி நெடுகக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு போனார். தூவானம் நனைத்த இடமெல்லாம் தண்ணீர் சல்லடைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கும் தேங்கவில்லை. திரும்பி வந்து ரொகாயாவிடம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

மறுநாள் கடை திறந்ததும் சூய் யேன் வந்தாள். நல்ல சட்டை போட்டிருந்தாள், உதட்டில் சாயம். குடையும் சீட்டும் இல்லை. அஞ்சடிமேல் ஏறி, கோப்பிக்கடை, பாத்திரக்கடை, துணிக்கடை என்று ஒவ்வொன்றையும் வேடிக்கை பார்த்துக்கொண்டே போனாள். சாய்தளத்தின் நடுவில் நின்றாள். இரண்டு கைகளையும் சக்கரத்திலிருந்து எடுத்து, கைப்பையைத் திறந்து, நிதானமாக முகம் துடைத்துக்கொண்டாள். நாற்காலி அசையவில்லை. தெருவில் நின்றிருந்த ரொகாயாவைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தினாள். மேலே போனாள், கதவைத் தானே இழுத்தாள், உள்ளே போனாள். கதவு அவளுக்குப் பின்னால் மூடிக்கொண்டது.

ரொகாயா உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று தோன்றியது. நெஞ்சு நிறைந்து, என்ன செய்வதென்று தெரியாமல் லோரிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் கழித்துச் சூய் யேன் வெளியே வந்தாள்.

"என்ன வாங்கினீங்க ஆன்ட்டி?"

"ஒண்ணும் வாங்கல. எல்லாத்தையும் எடுத்துப் போடச் சொல்லி, கழுத்துல வெச்சுப் பாத்துட்டு, ஒண்ணும் புடிக்கலைன்னு சொல்லிட்டேன். தவுக்கே மொகத்த பாக்கணுமே!" அவள் சிரித்த சிரிப்பில் நாற்காலியே குலுங்கியது. ரொகாயாவுக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை.

சுத்திகரிப்பு நிலையம் திறந்து சில வாரங்கள் ஆன பிறகு ஒரு நாள், மீதிக் கம்பிகளை ஏற்றிப் போக வந்த ரொகாயா கோப்பிக்கடையில் தே தாரிக் என்ற ஆற்றிய பால் தேநீரோடு உட்கார்ந்தாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவன் தள்ளுவண்டியை ஒற்றைக் கையால் தள்ளிக்கொண்டு, மறுகையில் போன் பேசியபடி போனான். ஒருத்தி கைக்குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். கையில் பஞ்சு ஒட்டிய ஒரு பெரியவரை அவருடைய மகள் நாற்காலியில் கூட்டிவந்தாள். இருவரும் மீன் விலையைப் பற்றிக் காரசாரமாகச் சண்டை போட்டுக்கொண்டே கடந்து போனார்கள். தரையை ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. ரொகாயாவின் தே தாரிக் ஆறிப் போயிற்று. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எதிர்வரிசையில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் தவுக்கே தெருவைக் கடந்து வந்து எதிரே உட்கார்ந்தார்.

"ரொகாயா, எங்க வரிசைக்கும் இப்படிப் போட்டுக் குடு. எல்லாரும் இந்தப் பக்கமே போறாங்க. எங்க பக்கம் ஈ ஓட்டறோம்."

"போடலாம் தவுக்கே. ஆனா ஒண்ணு. படம் வரையறதுக்கு முன்னாடி ஆன்ட்டி சூய் யேன் ஒங்க வரிசைய முழுசா ஒரு தடவ பாக்கணும். போட்டு முடிச்ச பிறகு இன்னொரு தடவ பாக்கணும். ரெண்டுக்கும் அவங்களுக்குக் கூலி உண்டு."

"கூலியா? அது சீட்டு விக்கறவதானே!"

"எஞ்சினியருக்குக் குடுக்கறீங்கல்ல? அதே மாதிரிதான் இதுவும். வேணாம்னா வேற ஆளப் பாருங்க."

அவர் தலையைச் சொறிந்தார். கொஞ்ச நேரம் எதிரே தன் கடை வாசலையும், அதற்கு முன்னால் இருந்த மூன்று படிகளையும் பார்த்தார். பிறகு, "சரி, கூப்பிடு," என்றார்.

ரொகாயா எழுந்து முனையைப் பார்த்துக் கை தட்டினாள். "ஆன்ட்டி! வேலை வந்திருக்கு!"

"எனக்கு நெறைய வேலை இருக்குலா!" என்று சூய் யேன் குடைக்கு அடியிலிருந்து கத்தினாள். கத்திக்கொண்டே சீட்டுகளைப் பையில் போட்டு மூடிவிட்டு, சக்கரத்தில் கை வைத்தாள்.